வாசல் வரை போய்த் திரும்பியவருக்கு

பத்து வருடமாகத் தினமும் குடிக்கிறேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். குடியை விட்டவர்கள் கூடும் குழு ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டு, கூட்டம் நடக்கும் கட்டடத்தின் வாசல் வரை போய், உள்ளே நுழையாமல் திரும்பிவிட்டாராம். உள்ளே என்னதான் நடக்கும், கடவுள் நம்பிக்கை இல்லாதவனுக்கு அங்கே இடம் உண்டா, இதனால் உண்மையில் பலன் இருக்கிறதா என்று கேட்கிறார். கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: காலையில் கை நடுங்குகிறது, அந்தக் கோலத்தில் போய் உட்கார வெட்கமாக இருக்கிறது, ஆகவே மூன்று நாள் குடிக்காமல் இருந்துவிட்டு அடுத்த கூட்டத்துக்குப் போகலாமா?

இந்தக் கேள்விகளுக்கு அடியில் வேறு கேள்வி ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. அந்த வாசலைத் தாண்டினால் ‘நான் குடிநோயாளி’ என்று ஊரறிய ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமோ, ஒப்புக்கொண்ட பிறகும் குடி விடவில்லை என்றால் கைவசம் வேறு என்ன மிச்சம் இருக்கும் என்ற பயம் அது. நான் குடிநோய் சிகிச்சையில் ஆலோசகராக இருபது வருடங்களுக்கு மேல் வேலை செய்கிறேன். நான் குடித்து மீண்டவர் அல்ல. யாரும் வந்து கேட்கலாம் என்ற வகைக் கூட்டங்களில் பல முறை பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். மற்றவையெல்லாம் என்னிடம் வந்தவர்கள் சொல்லி அறிந்தவை. இந்த எல்லையை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன், ஏனென்றால் அதில்தான் ஆபத்து இருக்கிறது. வேண்டாம். தயவுசெய்து நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். வருடக்கணக்கில் தினமும் அதிகம் குடித்தவர் சட்டென நிறுத்தினால், கடைசியாகக் குடித்ததிலிருந்து 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, படபடப்பு, குமட்டல் தொடங்கும். சிலருக்கு முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், காய்ச்சலும் இதயத் துடிப்பும் ஏறும். இந்தக் கடைசி நிலை உயிரை எடுக்கக்கூடியது. பத்து வருடமும் காலை நடுக்கமும் சேர்ந்திருக்கும் ஒருவர், கௌரவத்துக்காக ஒதுக்க நினைக்கும் அந்த மூன்று நாட்கள் சரியாக இந்த நேரத்தில்தான் விழுகின்றன. மருத்துவரிடம் போய் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள். சில நாட்களுக்கான மருந்தும் தயமின் என்ற பி1 வைட்டமினும் கொடுத்து இந்தக் கட்டத்தைப் பாதுகாப்பாகக் கடக்க வைக்க முடியும். முன்பு எப்போதாவது குடியை நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். மருத்துவமனையில் தங்கச் சொல்லக்கூடும். வலிப்போ குழப்பமோ இப்போதே தெரிந்தால் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும், காத்திருக்கக் கூடாது.

அதற்காகக் கூட்டத்தையும் ஒத்திப்போட வேண்டியதில்லை. இந்தக் குழுக்களில் மிகப் பழையதும் பரவலானதுமான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது எல்லோரும் ஏஏ என்று சொல்லும் அமைப்பு, உறுப்பினராவதற்கு வைத்திருப்பது ஒரே நிபந்தனை: குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். நிறுத்தியிருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. குடித்த வாசனையோடும் நடுங்கும் கையோடும் முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள்தான் அந்த அறையில் ஏராளம். அன்று குடித்துவிட்டு வந்தவரைப் பேசாமல் கேட்க மட்டும் சொல்வது பல குழுக்களின் வழக்கம். கலாட்டா செய்தால் ஒழிய வெளியே போகச் சொல்வதில்லை.

உள்ளே என்ன நடக்கும் என்பதைப் புரிந்துகொள்ள, அது எப்படித் தொடங்கியது என்பது உதவும். 1935-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஆக்ரன் நகரம். குடியை விட்டுச் சில மாதங்களே ஆன பங்குத் தரகர் ஒருவர் தொழில் விஷயமாக அங்கே போகிறார். காரியம் கைகூடவில்லை. ஓட்டல் முன்கூடத்தில் நிற்கிறார். ஒருபுறம் மதுக்கூடம், மறுபுறம் தொலைபேசி. தான் குடிக்காமல் இருக்க வேண்டுமானால் இப்போது இன்னொரு குடிநோயாளியிடம் பேசியாக வேண்டும் என்று தோன்றி, தெரியாத ஊரில் ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறார். அப்படிக் கிடைத்தவர் ஓர் அறுவை சிகிச்சை மருத்துவர். அந்த மருத்துவர் கடைசியாகக் குடித்ததாகக் கருதப்படும் 1935 ஜூன் 10-ஐத்தான் அமைப்பு தன் பிறந்த நாளாக எண்ணுகிறது. யார் யாருக்கு உதவினார் என்று பாருங்கள். பேசப் போனவருக்குத்தான் முதலில் உதவி தேவைப்பட்டது. உங்களைப் பார்த்ததும் அந்த அறையில் இருப்பவர்கள் முகம் மலர்வதன் காரணம் இதுதான். அவர்கள் உங்களுக்குத் தயவு காட்டவில்லை. நீங்கள் வருவது அவர்களுக்கும் தேவை.

கூட்டம் பெரும்பாலும் ஒரு மணி நேரம், சில இடங்களில் ஒன்றரை. நாற்காலிகள், ஒரு மேசை, முறை வைத்து நடத்தும் ஓர் உறுப்பினர். தொடக்கத்தில் ஒரு சிறு பகுதியை வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தன் கதையைப் பகிர்வார்கள்: எப்படி இருந்தேன், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறேன். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதோ, அறிவுரை சொல்வதோ, பதில் கொடுப்பதோ கிடையாது. குடும்ப வட்டத்தில் வருடக்கணக்காக அறிவுரை கேட்டே களைத்துப்போனவர்களுக்கு இந்த ஓர் ஏற்பாடே பெரிய ஆறுதல் என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். செலவுக்காக ஒரு பை சுற்றி வரும். புதியவர் போட வேண்டியதில்லை. கட்டணம் கிடையாது, வருகைப் பதிவேடு கிடையாது. முடிவில் பல இடங்களில் எல்லோரும் சேர்ந்து ஒரு சிறு பிரார்த்தனை சொல்வார்கள். உங்கள் முறை வரும்போது, “இன்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்” என்றால் போதும், அடுத்தவரிடம் போய்விடும். ‘என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி’ என்று மற்றவர்கள் தொடங்குவதைக் கேட்பீர்கள். நீங்களும் அப்படிச் சொல்லியாக வேண்டும் என்ற விதி இல்லை. சிலருக்கு அந்தச் சொல் முதல் நாளே சுமையை இறக்கிவைக்கிறது. சிலர் அதைச் சொல்ல மாதங்கள் எடுத்துக்கொள்கிறார்கள். சிலர் சொல்வதே இல்லை, குடிக்காமலும் இருக்கிறார்கள்.

திறந்த கூட்டம், மூடிய கூட்டம் என்று இரண்டு வகை உண்டு. திறந்த கூட்டத்துக்கு யாரும் வரலாம். குடும்பத்தார், மாணவர்கள், என்னைப் போன்றவர்கள் எல்லாம் உட்காரலாம். மூடிய கூட்டம் குடிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். வாசலைத் தாண்டுவதே கடினமாக இருக்கும் ஒருவருக்கு நான் முதலில் திறந்த கூட்டத்தையே சொல்வேன். அங்கே உட்கார்ந்திருப்பதால் நீங்கள் இன்னார் என்று எதுவும் நிலைநாட்டப்படுவதில்லை.

பெயர் வெளியே தெரியாமல் காப்பது இவர்களின் உயிர்நாடியான மரபு, பெரும்பாலும் நன்றாகவே காக்கப்படுகிறது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஆர்வத்தில் யாரும் இதைச் சொல்வதில்லை. அது மனிதர்கள் ஒருவருக்கொருவர் கொடுக்கும் வாக்கு. மருத்துவருக்கும் ஆலோசகருக்கும் இருக்கிற தொழில்முறை ரகசியக் கடமை பக்கத்து நாற்காலிக்காரருக்கு இல்லை. நீதிமன்றம் வரை போகக்கூடிய ஒரு விஷயம் உங்கள் கதையில் இருந்தால், அதைக் கூட்டத்தில் பகிராமல், வழக்கறிஞரிடமோ சிகிச்சை அறையிலோ பேசுங்கள்.

கடவுள் விஷயத்தில் மழுப்பாமல் பேச வேண்டும். குடியிலிருந்து மீள ஏஏ வகுத்திருக்கும் பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் பல முறை வருகிறது. ‘நாம் புரிந்துகொண்டபடியான கடவுள்’ என்ற தொடர் நம்பாதவர்களையும் மனத்தில் வைத்துச் சேர்க்கப்பட்டது. இரண்டாவது படி ‘நம்மைவிட மேலான சக்தி’ என்று மட்டும் சொல்கிறது. அந்தச் சக்தி என்பதைக் குழு என்றே எடுத்துக்கொண்டு வருடக்கணக்காகக் குடிக்காமல் இருக்கும் நாத்திகர்களை எனக்குத் தெரியும். ஆனாலும் சில அறைகளில் பக்தி மிகுந்திருக்கும், அது உங்களை உறுத்தும். உறுத்தினால் அது உங்கள் குறை ஆகாது. வேறு அறைக்குப் போங்கள், அல்லது வேறு வகைக் குழுவுக்குப் போங்கள். ஸ்மார்ட் ரிகவரி என்ற பெயரில் 1994 முதல் இயங்கும் அமைப்பு கடவுளைப் பற்றிப் பேசுவதில்லை. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் உளவியல் முறைகளை அடிப்படையாகக் கொண்டது. அங்கே பயிற்சி பெற்ற ஒருவர் நடத்துவார், ஒருவருக்கொருவர் பதில் பேசலாம், குடிக்கும் வேட்கை எழும்போது என்ன செய்வது என்பதைத் தாளில் எழுதிப் பழகுவார்கள். லைஃப்ரிங் என்பதும் மதம் சாராதது. பெண்களுக்கென்றே 1970-களில் தொடங்கப்பட்ட விமன் ஃபார் சோப்ரைட்டி இருக்கிறது. ஆண்கள் நிறைந்த அறையில் தன் கதையைச் சொல்ல முடியாத பெண்கள் பலருக்கு இது நிம்மதி. இவை எல்லாவற்றுக்கும் இணையவழிக் கூட்டங்கள் உண்டு. அருகில் எதுவும் இல்லாதவர்களுக்கும், முகம் காட்டாமல் முதலில் கேட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கும் அது நல்ல முதல் அடி.

பலன் உண்டா? உறுதியாகச் சொல்லக்கூடியதையும் என் அபிப்பிராயத்தையும் பிரித்து வைக்கிறேன். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2006-இல் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, ஏஏ மற்ற சிகிச்சைகளைவிட மேல் என்று சொல்ல ஆதாரம் போதவில்லை என்றது. அதே அமைப்பு 2020-இல் 27 ஆய்வுகளையும் பத்தாயிரத்துக்கும் அதிகமானவர்களையும் சேர்த்துப் பார்த்தபோது முடிவு மாறியது. ஏஏக்குப் போகும்படி முறையாக ஊக்குவிக்கும் சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ 42 சதவீதத்தினர் ஒரு வருடம் கழித்து முற்றிலும் குடிக்காமல் இருந்தார்கள். மற்ற உளவியல் சிகிச்சைகள் பெற்றவர்களில் அது 35 சதவீதம். இது உண்மையான வித்தியாசம், ஆனால் அற்புதம் இல்லை. நூறில் ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் அந்த வருடத்தில் ஒரு முறையாவது குடித்திருக்கிறார்கள் என்பதும் அதே எண்ணில் இருக்கிறது. இன்னொன்று: இந்த ஆய்வுகளில் இருந்தவர்களுக்குப் பக்கத்தில் ஓர் ஆலோசகர் இருந்தார். தானாக ஒருநாள் நுழைந்து பார்ப்பவருக்கும் இதே அளவு பலன் கிடைக்கும் என்று இந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. ஸ்மார்ட், லைஃப்ரிங் போன்றவற்றைப் பற்றி இருக்கும் ஆய்வுகள் குறைவு. இருப்பவை நம்பிக்கை தருகின்றன, அடித்துச் சொல்லும் அளவுக்கு இல்லை. ‘தொண்ணூறு நாளில் தொண்ணூறு கூட்டம்’ என்று உங்களிடம் சொல்வார்கள். அது அனுபவத்தில் வந்த வழக்கம். அந்த எண்ணுக்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. ஆரம்பத்தில் அடிக்கடி போவது நல்லது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

எதனால் பலன் வருகிறது என்று தேடிய ஆய்வுகள் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன: பழகும் ஆட்கள் மாறுகிறார்கள். கூடக் குடிப்பவர்கள் வாழ்க்கையிலிருந்து குறைந்து, குடிக்காதவர்கள் கூடுகிறார்கள். என் அனுபவமும் முழுக்க இதோடு ஒத்துப்போகிறது, இந்தப் பதிலில் வேறு எதை மறந்தாலும் இதை நினைவில் வையுங்கள். கூட்டம் தொடங்கிய பிறகு வந்து, பின்வரிசையில் இருந்து, பிரார்த்தனை முடியும் முன் கிளம்பிவிடுகிறவர் நல்ல உரைகளைக் கேட்டிருப்பார், அவ்வளவுதான். பத்து நிமிடம் முன்னால் வந்து நாற்காலி எடுத்துப் போடுகிறவரும், முடிந்த பின் பத்து நிமிடம் நின்று பேசி இரண்டு பேரின் போன் எண்ணோடு வீடு திரும்புகிறவரும்தான் நிலைக்கிறார்கள். ராத்திரி பதினொரு மணிக்குக் குடிக்கத் தோன்றும்போது உரை நினைவுக்கு வராது. போனில் ஒரு குரல் இருந்தால் அது உதவும். எண்ணை வாங்கினால் மட்டும் போதாது. குடிக்கத் தோன்றாத ஒரு சாதாரண மாலையிலும் ஒரு முறை கூப்பிட்டுப் பேசிவிடுங்கள். அப்படிச் செய்தவருக்குத்தான் நெருக்கடியில் அந்த எண்ணை அழுத்தக் கை வரும்.

இதை நான் தாமதமாகத்தான் கற்றேன். வேலைக்கு வந்த புதிதில், குழுவின் முகவரியை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து “போய்ப் பாருங்கள்” என்று அனுப்புவேன். அடுத்த வாரம் கேட்டால், சீட்டு சட்டைப் பையிலேயே இருக்கும். அவர்களுக்கு மனமில்லை என்று தவறாக எண்ணிக்கொண்டேன். பிறகுதான் 1981-இல் வெளியான ஒரு சின்ன ஆய்வைப் படித்தேன். மொத்தம் 20 பேர். பாதிப் பேருக்கு வெறும் தகவல் கொடுத்தார்கள். மறு பாதிக்கு, ஆலோசகர் அறையிலிருந்தே குழு உறுப்பினர் ஒருவருக்குப் போன் போட்டு, அவரே வந்து அழைத்துப் போக ஏற்பாடு செய்தார்கள். தகவல் மட்டும் பெற்றவர்களில் ஒருவர்கூடப் போகவில்லை. மற்றவர்கள் அத்தனை பேரும் போனார்கள். இருபது பேரை வைத்து உலகத்துக்கே பொதுவாக எதையும் சொல்லிவிட முடியாது. ஆனால் அன்றிலிருந்து நான் சீட்டு எழுதுவதை விட்டுவிட்டு, எதிரில் உட்கார்ந்திருப்பவரின் சம்மதத்தோடு போனை எடுக்கிறேன், என் அறையில் நிலைமை தலைகீழாக மாறியது. நீங்கள் திரும்பி வந்தது கோழைத்தனம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். தனியாகப் போனீர்கள், அதுதான் விஷயம்.

ஒரு கூட்டத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஒரே அமைப்பின் இரண்டு அறைகளுக்கு இடையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கும். குறைந்தது ஐந்தாறு கூட்டங்கள், இரண்டு மூன்று இடங்கள் பார்த்துவிட்டு ஒத்துவருமா என்று சொல்லுங்கள் என்பதே நான் எல்லோரிடமும் கேட்பது. சில அறைகளிலிருந்து யோசிக்காமல் வெளியேறலாம். மருத்துவர் கொடுத்த மனநல மருந்தை நிறுத்தச் சொல்கிறார்களா, கிளம்புங்கள். மருந்து விஷயத்தில் உறுப்பினர் யாரும் மருத்துவர் வேலை பார்க்கக் கூடாது என்று ஏஏயின் வெளியீடே சொல்கிறது. குடி வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்றவற்றை உட்கொண்டபடியே கூட்டத்துக்குப் போகலாம். ஒன்று மற்றொன்றுக்குப் பகை இல்லை. தனிப்பட்ட முறையில் யாராவது கடன் கேட்டாலும், புதிதாக வந்தவரிடம் பழைய உறுப்பினர் காதல் பேசினாலும் அதுவே போதுமான காரணம். இது நடக்கிறது, குறிப்பாகப் புதிதாக வரும் பெண்களுக்கு. ஸ்பான்சர் என்று சொல்லப்படும் வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது ஆண் ஆணையும் பெண் பெண்ணையும் தேர்வது என்ற வழக்கம் இதனால்தான். அவசரப்பட வேண்டாம், சில வாரம் கேட்டுவிட்டு, யாருடைய வாழ்க்கை அவர் பேச்சோடு பொருந்துகிறதோ அவரைக் கேளுங்கள்.

வீட்டில் உள்ளவர்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. அவர்களுக்கென்று தனியாக 1951-இல் தொடங்கிய அல்-அனான் இருக்கிறது. நீங்கள் கூட்டத்துக்குப் போனாலும் போகாவிட்டாலும் அவர்கள் போகலாம். அதை அவர்களிடம் சொல்லி வையுங்கள்.

நாலு கூட்டம் போன பிறகு குடித்துவிட்டால்? இந்தக் கேள்வியை யாரும் முதலில் கேட்பதில்லை, ஆனால் நான் கண்டவர்களில் அதிகம் பேரைக் குழுவிலிருந்து பிரித்தது இதுதான். குடித்ததைவிட, குடித்த பிறகு அந்த முகங்களைப் பார்க்கக் கூசியது. அங்கே குடிக்காத நாட்களின் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். அது சிலரை நொறுக்குகிறது, எனக்கு இந்த முறையில் முழு உடன்பாடு இல்லை. குடிக்காமல் இருந்த நாற்பது நாளில் உடம்பும் மனமும் கற்றது ஒரே இரவில் அழிந்துவிடுவதில்லை. கணக்கு எப்படி இருந்தாலும், அடுத்த நாள் கூட்டத்துக்குப் போங்கள். பலர் பல முறை அப்படித் திரும்பி வந்தவர்கள் என்பதால், அந்த அறையில் உங்களை வியப்போடு பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள். திரும்பவும் பல நாள் தொடர்ந்து குடித்திருந்தால் மட்டும், நிறுத்தும் முன் மருத்துவரை மறுபடி பாருங்கள்.

இப்போது செய்ய வேண்டியது இரண்டு. நாளைக்கு மருத்துவர். இன்றைக்கு, அந்தக் குழுவின் உதவி எண்ணுக்கு ஒரு போன். எண் அமைப்பின் இணையதளத்தில் இருக்கும், உங்கள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. வாசல் வரை வந்து திரும்பிப் போனேன் என்று மட்டும் சொல்லுங்கள். எடுப்பவரும் ஒரு காலத்தில் எங்கோ ஒரு வாசலில் தயங்கி நின்றவராகவே இருப்பார். அடுத்த கூட்டத்துக்குக் கால் மணி நேரம் முன்பாக வாசலில் ஒருவர் நிற்க முடியுமா என்று கேளுங்கள்.